பனிமலைக்கு 70-300 லென்ஸ்: ஆறு வருடம் தூக்கித் திரிந்த கதை

70-லிருந்து 300 மில்லிமீட்டர் வரை ஜூம் ஆகி, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் இந்த லென்ஸை நான் வாங்கியது பறவைகளைப் படமெடுக்கத்தான். இரண்டு முறை வேடந்தாங்கலுக்குக் கொண்டுபோனேன், பறவைக்கு இது எட்டாது என்று தெரிந்ததும் பீரோவுக்குள் போய்விட்டது. 2018 அக்டோபரில் டார்ஜிலிங் கிளம்பும்போதும் அரை மனதாகத்தான் பையில் போட்டேன், மலை என்றால் அகலமான காட்சியை அடக்கும் வைட் ஆங்கிள் லென்ஸ்தான் என்பது அன்றைய என் ஞானம்.

டார்ஜிலிங் பக்கத்து டைகர் ஹில்லில் விடிவதற்கு முன்பே ஏகக் கூட்டம். கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர், உலகிலேயே மூன்றாவது உயரம், ஆனால் அங்கிருந்து கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த மலை என் வைட் ஆங்கிள் படத்தில் பல்பொடி சிந்தியது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, மீதியெல்லாம் மனிதத் தலைகள். சரி என்று 70-300-ஐ மாட்டி முழு ஜூமில் பார்த்தால் (என் கேமராவின் சின்ன சென்சாரில் 450 மில்லிமீட்டருக்குச் சமம்) சிகரத்தின் மடிப்புகள், நிழல் விழுந்த பள்ளங்கள், உச்சியில் காற்று அள்ளிப்போகும் பனிப்புகை எல்லாம் தெரிகிறது. இந்த லென்ஸோடு நான் பழகியது அன்றைக்குத்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. 300-ல் லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து எடுத்தால் படம் சவசவ என்று இருக்கும், துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-க்கு வந்தால் பரவாயில்லை. மங்கலான விடியலில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், அப்போது வானத்தை ஒட்டிய மலை விளிம்பில் பிடித்தால் நிற்கும். நடக்கும்போது லென்ஸ் தானாகக் கீழே நீண்டுவிடும். இதற்குக் கீரைக்கட்டில் வரும் ரப்பர் பேண்ட் போதும், நாலு வருடமாக அதுதான் ஓடுகிறது.

நான் அதிகம் சொதப்பியது வெளிச்சத்தில். கேமராவுக்கு எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பலாக்கத்தான் பார்க்கும், அதனால் வெயிலில் பனியை நிறைத்து எடுத்தால் அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டிவைக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு நேபாள எல்லையில் இருக்கும் சந்தக்பூ மலையுச்சியில் (3,636 மீட்டர்) விடியற்காலையிலும் கூட்டிவைத்தேன், சிகரம் வெளுத்துப் போய்விட்டது! அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் காடெல்லாம் இருட்டு, கேமரா அதைப் பார்த்துத் தானே வெளிச்சத்தை ஏற்றிவிடும், உச்சியில் மட்டும் வெயில். அங்கே குறைக்கத்தான் வேண்டும். ஒரு விஷயம், சந்தக்பூவிலிருந்து எவரெஸ்ட்டைவிட மகாலு சிகரம்தான் பெரிதாகத் தெரியும், பக்கத்தில் இருப்பதால். நான் அரை மணி நேரம் மகாலுவை எவரெஸ்ட் என்று நினைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

உத்தராகண்டின் முன்சியாரியில் விடியலுக்காக அலாரம் வைக்கத் தேவையில்லை. பஞ்சசூலி சிகரக் கூட்டம் கிழக்குப் பக்கம் இருக்கிறது, காலையில் சூரியன் அதன் பின்னாலிருந்து வரும். மாலையில்தான் ஐந்து சிகரங்களும் செம்பு நிறமாகும். டீயைக் குடித்துவிட்டுப் போனால் போதும்.

குளிரில் லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரிதான் படுத்துவிடும். மாற்று பேட்டரி சட்டைக்கு உள்பையில் இருக்கட்டும். வெளியே சில்லிட்டுப் போன கேமராவை அப்படியே அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிவிட்டு உள்ளே போங்கள்.

இமயமலை செய்யாததைச் சென்னை செய்தது. 2021-ல் மழைக்காலம் முழுக்க பீரோவில் வைத்ததில் உள்ளே பூஞ்சை. சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் ஒரு மாதம் இழுத்தடித்து, ஜூம் வளையத்தை மணல் அரைக்கிற மாதிரி ஆக்கித் திருப்பித் தந்தார்கள். இப்போது காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல்.

இமாச்சலத்தின் ஸ்பிட்டி மாதிரி மலைகளுக்கு நடுவிலேயே நிற்கப் போகிறீர்கள் என்றால் இதை நம்பிப் போகாதீர்கள். அங்கே பத்து நாளில் இரண்டே முறைதான் வெளியே எடுத்தேன், இரண்டு முறையும் தூரத்துப் பாறையில் நின்ற ஆடுகளுக்காக.