ஜெர்மன் யூசி முதல் வகை கண்ணிவெடி சப்மரைன் – நூறு வருஷம் லேட்டா ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், சப்மரைன்னு நெனச்சு இத பார்த்தீங்கன்னா ஏமாந்துதான் போவீங்க. டார்பிடோ (தண்ணிக்கடியில பாய்ஞ்சு போய் கப்பல வெடிக்கற குண்டு) விடுற குழாய் ஒண்ணு கூட கிடையாது, டெக்ல பீரங்கி கிடையாது, ஆயுதம்னு வெளிய இருக்கறது ஒரே ஒரு மெஷின் கன். எதிரி கப்பல் கண்ணு முன்னாடி ஹாயா போனாலும் பெரிஸ்கோப்ல பார்த்துட்டு சும்மா இருக்கணும், அவ்ளோதான். முதல் உலகப் போர்ல இந்த மாதிரி 15 படகு கட்டுனாங்க, ஹாம்பர்க்ல வல்கன் கம்பெனி 10, பிரேமன்ல ஏஜி வேசர் 5.

ஏன் இப்படி ஒண்ணு தேவைப்பட்டுச்சுன்னா, 1914 அக்டோபர்ல பெல்ஜியம் கடற்கரை ஜெர்மனி கைக்கு வந்துருச்சு, அங்க ஜீப்ரூக, ஆஸ்டெண்ட் துறைமுகம் ரெண்டும் இருந்தா இங்கிலாந்து பக்கத்து வாசல் மாதிரிதான், ஆனா மேல மிதக்கற கப்பல்ல போய் கண்ணிவெடி போட்டா பிரிட்டிஷ் நேவி விடுமா? அதான் நவம்பர்லயே ஆர்டர் போட்டு அடுத்த வருஷ ஏப்ரல்ல முதல் படகு தண்ணியில இறங்கிடுச்சு. இந்த வேகத்துக்கு ஃபுல் மார்க் குடுக்கலாம். துண்டு துண்டா பிரிச்சு ரயில்ல ஏத்துற சைஸ் வேற, ஏட்ரியாட்டிக் கடல் பக்கம் பொலா துறைமுகத்துக்கு சில படகு ரயில்ல போய்தான் அங்க கோர்த்தாங்க.

சைஸ்னா 34 மீட்டர் நீளம், 168 டன், உள்ள 14 பேர். வல்கன் படகுல 90 குதிரைசக்தி டைம்லர் டீசல் ஒண்ணு, ப்ரொப்பெல்லரும் ஒண்ணுதான். மேல வந்தா 6 நாட் சொச்சம் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்), முங்கினா 5 நாட் சொச்சம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல இருக்கற டோவர் ஜலசந்தியில நீரோட்டமே சில நேரம் 3, 4 நாட்ல ஓடும், அது எதிர்த்தா இந்த எஞ்சின வெச்சுட்டு எங்க போறது, நின்ன இடத்துலயே நிக்க வேண்டியதுதான்.

சரி, மெயின் ஃபீச்சருக்கு வருவோம். படகோட முன் பாதியில 6 குழாய், ஒவ்வொண்ணும் 1 மீட்டர் அகலம், மேல இருந்து கீழ வரைக்கும் உடம்பை துளைச்சுட்டு போகுது, குழாய்க்கு ரெண்டு கண்ணிவெடின்னு மொத்தம் 12. குழாய் நேரா இல்லாம பின்பக்கமா சாய்ஞ்சிருக்கும், ஏன்னா படகு முன்னாடி நகர்ந்துட்டே போடும்போது கண்ணிவெடி அடியில மாட்டாம வழுக்கிட்டு இறங்கணும். இறங்குனது நங்கூரத்தோட சேர்ந்து கடல் தரையில உக்காந்துடும், தண்ணியில கரையற ஒரு அடைப்பு மெதுவா கரைஞ்சப்புறம்தான் நங்கூரத்த விட்டு கழண்டு, கயிறு விடுற உயரத்துக்கு மேல வரும். அந்த நேரத்துக்குள்ள படகு தூரமா போயிடணும். பேப்பர்ல படிக்கும்போது சூப்பர் ஐடியா.

பிரச்சனை எங்கன்னா, அந்த குழாய்ல எப்பவும் கடல் தண்ணி நிறைஞ்சிருக்கும், கிளம்பிட்டா கண்ணிவெடிய யாரும் தொடவே முடியாது. எவ்ளோ ஆழத்துல நிக்கணும்ங்கறத துறைமுகத்துலயே செட் பண்ணிடணும். போற இடத்துல தண்ணி எதிர்பார்த்தத விட ஆழமா இருக்கு, இல்ல எதிரி காவல் அதிகம்னு வேற இடம் போறோம்னு வெச்சுக்கோங்க, செட்டிங்க மாத்த வழியே இல்ல. இன்னொண்ணு இத விட மோசம், அடைப்பு சீக்கிரம் கழண்டாலோ கண்ணிவெடி எங்கயாவது சிக்குனாலோ முதல்ல சாகறது போட்டவங்கதான். யூசி-12 அப்படித்தான் 1916 மார்ச்ல இத்தாலியில டாரன்டோ வாசல்ல தன்னோட கண்ணிவெடியிலயே போச்சு. இதுல கூத்து என்னன்னா அப்போ இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் நடுவுல போரே இல்ல, இத்தாலிக்காரங்க டைவர இறக்கி பார்த்தா ஜெர்மன் படகு! தூக்கி ரிப்பேர் பண்ணி அவங்க நேவியிலயே சேர்த்துக்கிட்டாங்க. ரகசியம்னு பார்த்தாலும் ஃபெயில்தான், 1915 ஜூலையிலயே இங்கிலாந்துல யார்மவுத் பக்கம் யூசி-2 மேல காட்டிங்ஹாம்னு ஒரு சின்ன சரக்குக் கப்பல் மோதி யூசி-2 முங்க, டைவருங்க போய் பார்த்து விஷயம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டாங்க.

இவ்ளோ குறை இருந்தும் இந்த டப்பா படகுங்க பண்ண வேலைய பார்த்தா வயித்த கலக்குது. யூசி-5 போட்ட கண்ணிவெடியில 1915 நவம்பர் 17ஆம் தேதி ஆங்லியாங்கற ஆஸ்பத்திரிக் கப்பல் முங்குச்சு, பிரான்ஸ்ல அடிபட்ட சோல்ஜருங்கள டோவருக்கு கூட்டிட்டு வந்துட்டு இருந்த கப்பல், நூத்துக்கும் மேல செத்தாங்க. 1916 பிப்ரவரி 27ல பம்பாய்க்கு கிளம்புன மலோஜாங்கற பயணிகள் கப்பல் டோவர் கிட்டயே யூசி-6 போட்டதுல மாட்டி 155 பேர் போனாங்க, காப்பாத்த வந்த எம்பிரஸ் ஆஃப் ஃபோர்ட் வில்லியமும் இன்னொரு கண்ணிவெடியில மாட்டி அதுவும் முங்கிடுச்சு. டார்பிடோ விடுறவன் கொடிய பார்க்கலாம், செஞ்சிலுவைய பார்க்கலாம், பார்த்துட்டு விட்டுடலாம். இதுல அந்த சான்ஸே இல்ல, வெடிக்கும்போது படகு பெல்ஜியத்துல ப்ரூஜ் துறைமுகத்துக்கு போய் அடுத்த லோடு ஏத்திட்டு இருக்கும். இந்த படகோட பயங்கரமே அதுதான், ஸ்டார் குடுக்கற சமாச்சாரம் இல்ல இது.

நம்ம யூசி-5 கதை 1916 ஏப்ரல் 27ல முடிஞ்சுது, இங்கிலாந்து கிழக்குக் கரை பக்கம் ஷிப்வாஷ்ங்கற மணல் திட்டுல ஏறி மாட்டிக்கிச்சு, ஆளுங்க உள்ள வெடி வெச்சும் முழுசா அழிக்க முடியல, ஃபயர்டிரேக்ங்கற பிரிட்டிஷ் போர்க் கப்பல் வந்து ஆளுங்கள பிடிச்சுட்டு போச்சு. அப்புறம் லண்டன்ல டெம்பிள் பியர்ங்கற படகுத்துறையில ஜனங்க பார்க்க நிறுத்துனாங்க, 1917ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கே கொண்டு போய் போர்க் கடன் பத்திரம் விக்கற விளம்பரமா வெச்சாங்க.

அடுத்த மாடல் யூசி ரெண்டாம் வகை எவ்வளவோ தேவலாம், 64 கட்டுனாங்க, 3 டார்பிடோ குழாய், 88 மில்லிமீட்டர் பீரங்கி, ரெண்டு ப்ரொப்பெல்லர், 18 கண்ணிவெடி. ஆனா அதே ஈரக் குழாய், அதே துறைமுக செட்டிங்! உள்ளயே காய்ஞ்ச இடத்துல வெச்சு பின்பக்கமா போடறது முடியாத காரியமும் இல்ல, யூ-71 வரிசையில 34 கண்ணிவெடி அப்படித்தான் போச்சு (அந்த வரிசை யூ-73 போட்டதுலதான் டைட்டானிக்கோட தங்கச்சிக் கப்பல் பிரிட்டானிக் முங்குச்சு), என்ன, அதுக்கு படகு பெருசா வேணும். ரெண்டாம் வகைல யூசி-44 1917 ஆகஸ்ட்ல அயர்லாந்து வாட்டர்ஃபோர்டு வாசல்ல ஜெர்மன் கண்ணிவெடியிலயே போச்சு, கேப்டன் மட்டும் உயிரோட கிடைச்சாரு, படகையும் பிரிட்டிஷ்காரங்க தூக்கிட்டாங்க.