பயணத்துக்கும் தூக்கத்துக்கும் ஒரே கூண்டு: துணிப்பையா, கம்பியா?

கிளிக்குப் பயணக் கூண்டு வாங்கும்போது பலரும் எடையை மட்டும் பார்க்கிறார்கள். அதில் துணிப்பை வகைதான் ஜெயிக்கும். தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் அலகு இருக்கிறதே! வலையின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தால் போதும், இழுத்து இழுத்தே ஓட்டையாக்கிவிடும். நம் கண் முன்னால் இருக்கும் சின்னப் பயணத்துக்குச் சரி, ராத்திரி முழுக்க அதில் விட மனசு வராது.

மடக்குக் கம்பிக் கூண்டு கனம்தான். ஆனால் கிளிக்குத் தினமும் 10 முதல் 12 மணி நேரம் இருட்டான, சத்தமில்லாத தூக்கம் வேண்டும். அதற்கு இதுதான் தோது. மெல்லிய துணியைப் போர்த்தி, ஒரு பக்கத்தைக் காற்றுக்கு விடுங்கள். சில கிளிகள் இருட்டில் திடுக்கிட்டுப் படபடவென்று சிறகடிக்கும், அதனால் உள்ளே ஊஞ்சலும் பொம்மையும் வேண்டாம். உட்காரும் குச்சி தாழ்வாக இருக்கட்டும். திடீரென்று பிரேக் போட்டால் விழுந்தாலும் அடி பலமாகப் படாது. கம்பி இடைவெளியில் தலை நுழையவே கூடாது. துத்தநாகப் பூச்சு உரியும் கம்பி கிளிக்கு நஞ்சு, அப்படிப்பட்டதைத் தொடாதீர்கள்.

நான் கம்பிக் கூண்டையே சொல்வேன். அப்புறம், கிளம்பும் நாளில்தான் முதன்முதலாக அதற்குள் விடுவது பாவம். சில வாரங்களுக்கு முன்பே வீட்டில் வைத்து, அதிலேயே தூங்கப் பழக்கிவிடுங்கள்.