கார்புரேட்டர் வெப்பமானி: சித்தியவான் மழைக்கு வாங்கலாமா?

மாலை மழை ஓய்ந்ததும் சித்தியவான் செம்பனைத் தோட்டங்களின் மேல் 24, 25 டிகிரியில் ஈரக்காற்று கனத்து நிற்கும். பனி விழாத நம் மலேசியாவில் சிறு விமானத்தின் எஞ்சினுக்குள் பனிக்கட்டியா என்று பலர் கேட்கிறார்கள். பெட்ரோல் ஆவியாவதாலும், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகட்டின் இடுக்கில் அழுத்தம் குறைவதாலும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் வெப்பம் 30 டிகிரிக்கு மேலும் இறங்கக்கூடும். ஈரம் அங்கேயே உறைந்து காற்றுவழியை அடைக்கும். தரையிறங்கத் திராட்டிலைக் குறைக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

அந்த இடத்து வெப்பத்தைக் காட்டுவதுதான் இந்தக் கருவி. முள் மைனஸ் 15க்கும் பிளஸ் 5க்கும் இடையிலுள்ள மஞ்சள் பட்டையில் நின்றால், ஈரமான காற்றில் பனி கட்டலாம். இது இல்லாமல் கார்ப் ஹீட்டை, அதாவது புகைக்குழாய்ச் சூட்டில் காய்ந்த காற்றைக் கார்புரேட்டருக்குள் விடும் பிடியை, பாதி இழுப்பது தவறு. உறையாமல் கடந்துபோகும் கடுங்குளிர்க் காற்றைப் பனி ஒட்டும் அளவுக்குச் சூடாக்கிவிடும். முழுதாக இழுக்க வேண்டும், இல்லையேல் தொடக்கூடாது. கருவி இருந்தால் முள் மஞ்சளைத் தாண்டும் அளவுக்கு மட்டும் இழுக்கலாம். வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் முள் வெப்பத்தை மட்டுமே சொல்லும், ஈரத்தைச் சொல்லாது. அளப்பதும் ஒரே புள்ளியில்தான். முள் 7 டிகிரி காட்டுகிறது என்று ஆர்பிஎம் (எஞ்சினின் நிமிடச் சுழற்சி) குறைவதை அலட்சியம் செய்யாதீர்கள். இதழ்க் கோணம் மாறாத புரொப்பெல்லரில் திராட்டிலைத் தொடாமலே ஆர்பிஎம் இறங்கினால் உடனே ஹீட்டை முழுதாக இழுங்கள். ஆர்பிஎம் மேலும் விழும், உருகிய நீரை விழுங்கி எஞ்சின் உதறும். பயந்துபோய் ஹீட்டைத் திரும்பத் தள்ளிவிடுவதுதான் பெரிய பிழை. உதறல் அடங்கி ஆர்பிஎம் ஏறும்வரை விடுங்கள். தாமதித்து எஞ்சின் நின்றுவிட்டால் புகைக்குழாய் ஆறிவிடும், ஹீட்டுக்குச் சூடு கிடைக்காது.

பொருத்துவதில் கவனம் தேவை. உணர்முனை கார்புரேட்டர் உடலிலுள்ள மரைத்துளையில் இறங்கும். பழைய கார்புரேட்டர் சிலவற்றில் அந்தத் துளை ஈயத்தால் அடைபட்டிருக்கும். கழற்றித்தான் துளைக்க வேண்டும், ஒரு துருவல்கூட உள்ளே தங்கக்கூடாது. உரிமம் பெற்ற பொறியாளரிடமே கொடுங்கள், பதிவேட்டில் எழுதி வாங்குங்கள். கம்பி புகைக்குழாயை உரசாமல் கட்டச் சொல்லுங்கள்.

செஸ்னா 172எஸ் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம். அதில் பெட்ரோல் ஊசிமுறையில் போகிறது, கார்புரேட்டரே கிடையாது. காற்று வடிகட்டி அடைபட்டால் மாற்றுக் காற்றுக் கதவு தானே திறக்கும். முழுத் திராட்டிலில் சுமார் 10 விழுக்காடு சக்தி குறையும், அவ்வளவுதான்.