லயன் பியரும் திருகோணமலை வெயிலும்

திருகோணமலைக் கடற்கரையான உப்புவெளியில் சீசன் தொடங்கினால் மேசைக்கு மேசை ஒரு கதை அடிபடும்: “லயனை வெள்ளைக்காரன் வாங்கிப்போட்டான், அதுதான் முந்தின ருசி இல்லை.” வாங்கியது என்பது பிழை. ருசி இல்லை என்பது சில போத்தல்களுக்குச் சரி. ஆனால் அதற்குக் காரணம் லயனில் பங்கு வைத்திருக்கும் டென்மார்க்குக் கம்பனியான கார்ல்ஸ்பெர்க்கின் ஊர் கோப்பன்ஹேகனில் இல்லை, பெரும்பாலும் கடையின் பின்பக்கத்து ஸ்டோரில் இருக்கிறது.

முதலில் உரிமைக் கணக்கைப் பார்த்துவிடலாம். 1849 இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் தொடங்கிய வடிப்பும், 1881 இல் அங்கேயே எழுந்த ஆலையும்தான் லயனின் வேர். இன்றைய லயன் புருவரி (சிலோன்) நிறுவனத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கார்சன் கம்பர்பட்ச் குழுமத்தின் கையில் உள்ளது. கார்ல்ஸ்பெர்க்கிடம் இருப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, அதுவும் அதன் மலேசியக் கம்பனி வழியாக. அவர்கள் 1990களில் பங்காளியாக வந்தவர்கள், முதலாளியாக வந்தவர்கள் அல்லர். 1998 இல் உற்பத்தி மலையிலிருந்து கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவுக்கு இறங்கியது. 2014 இல் த்ரீ கொயின்ஸ் என்ற உள்நாட்டுப் பியரைத் தயாரித்த மில்லர்ஸ் ஆலையை வாங்கியதும் லயன்தான். அதாவது இந்த நாட்டில் விழுங்கிய பக்கத்தில் நின்ற கம்பனி இது.

வெளிநாட்டுக் கைமாற்றம் உண்மையில் நடந்தது குருநாகல் பக்கத்து மாவத்தகம ஆலையில். அது சிங்கப்பூரின் ஏசியா பசிபிக் புருவரீஸிடம் போனது. 2012 இல் அந்தக் கம்பனியையே ஹைனெக்கன் எடுத்துக்கொண்டதால் ஹைனெக்கன் வசமானது. பிறகு டிஸ்டில்லரீஸ் கம்பனியின் கையில் உள்நாட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. இதைப் பற்றி ஒருவரும் மேசையில் கதைப்பதில்லை.

வெளிநாட்டுக் குழுமம் ஒரு நாட்டின் பெயர்பெற்ற பியரை எடுத்துக்கொண்டால் முதலில் மாறுவது செய்முறை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வழக்கமாக முதலில் மாறுவது வடிக்கும் இடம். ஜமேக்காவின் ரெட் ஸ்ட்ரைப் நல்ல உதாரணம், அதுவும் ஒரு தீவின் பியர். 1993 இல் கின்னஸ் கம்பனி அதன் பெரும்பங்கை வாங்கியது. பின்னர் டியாஜியோ என்ற பெயரில் அதே குழுமம், 2012 இல் அமெரிக்காவுக்கான ரெட் ஸ்ட்ரைப்பைப் பென்சில்வேனியாவிலேயே வடிக்கத் தொடங்கியது. 2015 இல் ஹைனெக்கன் வாங்கிய பிறகுதான் அந்த வேலை கிங்ஸ்டனுக்குத் திரும்பியது. ஜெர்மனியின் பெக்ஸ் பியரும் அப்படித்தான் அமெரிக்காவில் வடிக்கப்பட்டது. ஜெர்மன் பியர் என்று நம்பி வாங்கியவர்கள் வழக்குப் போட, 2015 இல் பணம் திருப்பிக் கொடுக்கும் இணக்கத்தில் அது முடிந்தது. பக்கத்தில் இந்தியாவிலும் கிங்பிஷரின் யுனைடெட் புருவரீஸ் 2021 இல் ஹைனெக்கன் கட்டுப்பாட்டுக்குப் போனது. அவுஸ்திரேலியாவின் போஸ்டர்ஸ் 2011 இல் எஸ்.ஏ.பி. மில்லரிடம், 2016 இல் ஏபி இன்பெவ்விடம், 2020 இல் ஜப்பானின் அசாஹியிடம் என்று பத்து வருடத்துக்குள் மூன்று கை மாறிவிட்டது.

நம்மூர்க் கணக்கில் இதன் பொருள் இவ்வளவுதான்: திருகோணமலையில் நீங்கள் குடிக்கும் பச்சைப் போத்தல் கார்ல்ஸ்பெர்க்கும் பியகமவில் வடித்ததே. டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் பெயருக்குத்தான் கொடுக்கிறார்கள். அது மட்டமான பியர் என்று சொல்ல வரவில்லை. 1883 இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தனி ஈஸ்ட் கலத்திலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தது கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில்தான். அந்த ஈஸ்ட்டை அவர்கள் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். உலகத்து லாகர் (குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் பியர்) எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தக் கடனில் நடக்கிறது.

ஒரே ஆலையை நம்பி இருப்பதில் ஆபத்தும் உண்டு. 2016 மே மாதக் களனி கங்கை வெள்ளத்தில் பியகம ஆலை மூழ்கி மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. லயன் இல்லாத அலுமாரியைத் திருகோணமலையும் அப்போது பார்த்தது.

இனிச் சரக்குக்கு வருவோம்.

லயன் லாகர், மதுசாரம் 4.8%. வரி 5% கோட்டில் மாறுகிற நாட்டில் இந்த எண் தற்செயலாக வந்ததல்ல. புதிதாகக் கிடைத்தால் சுத்தமான, மெல்லிய மோல்ட் (முளைகட்டிய பார்லி) இனிப்பும் அளவான கசப்பும் உள்ள பியர். டெவில் கணவாய், பொரித்த பாரை மீன், உறைப்பு நண்டுக்கறி எதற்கும் குறுக்கே நிற்காது. பழசானால் முதலில் ஹொப்ஸ் (கசப்பும் வாசமும் தரும் பூ) வாசம் போகும், பிறகு நனைந்த காட்போட் வாடை வரும். அந்த வாடையை மறைக்க இந்தப் பியரில் வேறு கனமான சுவை எதுவும் இல்லை. வெயிலில் அதிகம் அடிபடுவது இதுதான்.

கார்ல்ஸ்பெர்க், 5%. கொஞ்சம் உலர்ந்த முடிவு, கொஞ்சம் கூடுதல் கசப்பு. சிக்கல் போத்தலின் நிறத்தில் இருக்கிறது. பச்சைக் கண்ணாடி நீல ஒளியைப் பெரிதாகத் தடுக்காது. அந்த ஒளி ஹொப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மத்தை உண்டாக்கும். மரநாய் வாடை என்று இங்கே சொல்வது அதைத்தான். நேர் வெயிலில் சில நிமிடம் போதும். கடைக் கண்ணாடிப் பிரிஜ்ஜின் வெள்ளை லைட்டுக்குக் கீழே கிழமைக்கணக்கில் நின்றாலும் இதே கதிதான். கார்ல்ஸ்பெர்க் வேண்டுமென்றால் ரின் வாங்குங்கள். ரின்னுக்குள் வெளிச்சம் போக வழியில்லை.

லயன் ஸ்ட்ரோங், 8.8%. ருசிக்காக வாங்கும் சாமான் அல்ல. இனிப்பு, தொண்டையில் சூடு, பின்னால் தின்னர் போன்ற ஒரு கரைப்பான் வாடை. குடிப்பவர் கணக்கைத் தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும்: 625 மி.லீ. போத்தலில் 55 மி.லீ. தூய மதுசாரம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு மதுசாரமுள்ள சாராயத்தில் அது 165 மி.லீ., கால் போத்தலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. 60 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் இதைச் சட்டென்று குடித்தால், 100 மி.லீ. இரத்தத்துக்கு 80 மி.கி. என்ற சட்ட எல்லையைத் தாண்டிவிடுவார். “ஒரு பியர்தானே” என்று மோட்டார் சைக்கிளை எடுப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கவும். அதே அளவு லாகரில் இருப்பது 30 மி.லீ. அதுவும் இரண்டாவது போத்தலோடு எல்லை கடக்கும்.

லயன் ஸ்டௌட் என்ற கறுப்புப் பியர், இதுவும் 8.8%, ஆனால் அது வேறு உலகம். வறுத்த மோல்ட், கருஞ்சொக்கலட், கோப்பி, கித்துள் கருப்பட்டிக்குக் கிட்டிய ஒரு இனிப்பு. இந்த ஆலை செய்வதில் முதலிடம் இதற்கே. லண்டனிலும் டொரோண்டோவிலும் தேடி வாங்குகிறார்கள், இங்கே பலர் லேபிளைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெயிலைத் தாங்குவதும் இதுதான். வறுத்த மோல்ட்டும் கூடிய மதுசாரமும் பழசான வாடையை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் பழையது போர்ட் வைன் பக்கம் சாய்வதுகூட உண்டு. ஐஸ் போலக் குளிர்த்தினால் கரிக்கசப்பு மட்டும்தான் மிஞ்சும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்து மேசையில் 15 நிமிடம் விட்டு, 10 முதல் 13 பாகை செல்சியஸில் குடிக்க வேண்டும். 330 மி.லீ. அளவில் கிடைத்தால் இருவர் பகிர்ந்தாலே போதும். எருமைத் தயிரும் பாணியும் சாப்பிட்ட கையோடு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

வெயிலுக்கு வருவோம். கதையின் கனம் இங்கேதான். பியகமவிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஏ6 வீதியால் வரும் லொறி, தார்ப்பாயின் கீழே பகல் முழுக்கச் சூடு வாங்கித்தான் வருகிறது. அந்த ஒரு நாளால் பெரிய கேடில்லை. கேடு அதன்பிறகு. பியர் தொழிலில் ஒரு பருமட்டான கணக்கு உண்டு: 32 பாகையில் 3 நாள் வைத்ததும், 22 பாகையில் 30 நாள் வைத்ததும், 3 பாகையில் 300 நாள் வைத்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவு பழசு. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் திருகோணமலையில் தகரக்கூரை ஸ்டோர் 32 பாகைக்குக் கீழே இறங்குவது இரவில்தான். பாஸ்டரைஸ் செய்த (சூடாக்கி நுண்ணுயிரைக் கொன்ற) பியர் என்பதால் கெட்டு நஞ்சாகாது. காலாவதித் திகதிக்குள்ளேயே ருசி செத்துவிடும், அவ்வளவுதான். “முந்தின ருசி இல்லை” என்பதற்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம்.

ஆகவே காலாவதித் திகதியைவிட உற்பத்தித் திகதியைத்தான் பார்க்க வேண்டும். ரின்னில் அடியில் அச்சிட்டிருக்கும். போத்தலில் லேபிளிலோ கழுத்துப் பக்கத்திலோ தேடுங்கள். லாகர் என்றால் இரண்டு மாதத்துக்குள் வடித்ததை எடுங்கள், மூன்று தாண்டினால் அடுத்த கடை. கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சரக்கு வேகமாக ஓடும். அதனால் வெயில் உச்சத்தில் இருந்தாலும் புதிய போத்தல் கிடைக்கும் வாய்ப்பு அங்கே கூட. வாடைக்காற்றுக் காலத்தில் கணக்கு தலைகீழாகும்: கடற்கரை ஹோட்டல்களில் சீசனில் மிஞ்சியது நிற்கும், ஆண்டு முழுக்க ஒரே அளவு விற்கும் நகரத்து வைன் ஸ்டோர்ஸில்தான் புதிது. டிசெம்பரில் நிலாவெளி ஹோட்டலில் கேட்டு வாங்கும் பெரிய போத்தலை நம்புவதற்கு முன் திகதியைப் பாருங்கள்.

குளிர்ந்த பியர் ஒருதரம் சூடாகித் திரும்பக் குளிர்ந்தால் கெட்டுவிடும் என்பார்கள். அப்படி இல்லை. மொத்தமாக எத்தனை மணி நேரம் சூட்டில் இருந்தது என்பதே கணக்கு. நகரத்தில் குளிரானதை வாங்கிச் சாம்பல்தீவுப் பாலம் தாண்டிப் போவதால் ஒன்றும் ஆகாது. முச்சக்கரவண்டியின் பின்னால், வெயிலில், பச்சைப் போத்தலைத் திறந்த பையில் வைத்தால்தான் ஆகும்.

அவசரமாகக் குளிர்த்த வேண்டுமென்றால் பிரீசரில் போட்டு மறந்துவிடாதீர்கள். லாகர் பூச்சியத்துக்கு இரண்டு, மூன்று பாகை கீழேயே உறையத் தொடங்கும். போத்தல் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் உருகிய பிறகு வெள்ளைத் துகள் மிதக்கும், காபனீரொட்சைட்டு போய்விடும். மீன்பெட்டியில் இரண்டு பங்கு ஐஸ், ஒரு பங்கு தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. போத்தலைக் கழுத்துவரை தாழ்த்தி இடைக்கிடை திருப்பினால் 15 முதல் 20 நிமிடத்தில் 5 பாகைக்குக் கிட்ட வரும். ரின் இன்னும் கெதியாகக் குளிரும். தண்ணீர் விடாமல் வெறும் ஐஸ் மட்டும் போடுபவர்கள்தான் அதிகம். ஐஸ் துண்டுகளுக்கு இடையில் இருப்பது காற்று, அது குளிரைக் கடத்தாது.

கிளாஸ் விஷயத்தில் கடற்கரைக் கடைகள் பலதும் சறுக்குகின்றன. மீன் பொரித்த கையோடு கிளாஸைத் தொட்டால் எண்ணெய்ப் படலம் நுரையைக் கொன்றுவிடும். பாத்திரச் சவர்க்காரம் சரியாக அலசாமல் நின்றாலும் அப்படியே. ஊற்றியதும் கிளாஸின் உள்பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அழுக்கு என்று அர்த்தம். வேறு கிளாஸ் கேளுங்கள். பியருக்குள் ஐஸ் கட்டி போட்டுத் தந்தால் மறுத்துவிடுங்கள், அது சூடான போத்தலை மறைக்கும் வேலை.

குழாய்ப் பியர் வைத்திருக்கும் ஹோட்டல்களில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குழாய் கழுவி எத்தனை நாள்? இரண்டு கிழமைக்கு மேல் என்றாலோ, வாயில் வெண்ணெய் வாடையும் புளிப்பும் தட்டினாலோ, ரின்னுக்கு மாறுங்கள். அது ஆலையின் குற்றமல்ல.

போயா நாளில் கடைகளும் மதுச்சாலைகளும் பூட்டு. முதல்நாள் மாலை நகரத்துக் கடைகளில் நெரிசல், அந்த அவசரத்தில் ஸ்டோரின் மூலையில் கிடந்த பெட்டிகளும் வெளியே வரும். வாங்குவதை இரண்டு நாள் முன்னதாக வாங்குங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது சட்டவிரோதம், வீட்டுப் பையனை அனுப்பாதீர்கள். வெற்றுப் போத்தலுக்கு வைப்புக்காசு திரும்பக் கிடைக்கும், ஆனால் வாய் உடைந்ததை எடுக்கமாட்டார்கள். அதே காரணத்துக்காக, வாங்கும்போதும் மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். பலமுறை ஆலைக்குப் போய்வந்த போத்தலின் தோளில் வெள்ளை வளையம்போல உராய்வு இருக்கும், அது பிரச்சினையில்லை. வாயில் சிதறல் இருந்தால் பிரச்சினை, திறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.