ஒரே ப்ளைவுட் ஷீட்டில் மூன்று பலகை: வார்ஹேமர் மேசை, நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

மினியேச்சர் எனும் சிறு பொம்மைப் படைகளை மோதவிட்டு ஆடும் போர் விளையாட்டான வார்ஹேமர் 40,000 ஆட மேசை என்றால் ஆறடிக்கு நாலடி என்பதுதான் ரொம்ப காலம் வழக்கம். 2020-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில், அதை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் அதைச் சுருக்கியது. படைக்கு 2,000 புள்ளி என்ற கணக்கில் ஆடும் ஸ்ட்ரைக் ஃபோர்ஸ் ஆட்டத்துக்குக் குறைந்தது 60-க்கு 44 அங்குலம், சிறிய ஆட்டமான காம்பாட் பட்ரோலுக்கு 30-க்கு 44, பெரிய ஆட்டமான ஆன்ஸ்லாட்டுக்கு 90-க்கு 44. எல்லாமே 30-இன் மடங்கு. எட்டுக்கு நாலு ஷீட் 96-க்கு 48 அங்குலம் என்பதால் ஒரே ஷீட்டில் 30-க்கு 44 பலகை மூன்று கிடைத்துவிடும். புதிதாக மேசை அடிக்கிறவர்கள் இந்த அளவில்தான் அடிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ஒற்றைப் பலகையாக அடித்த ஆறடி மேசை மாடிப்படி திரும்பாது, கட்டிலுக்கு அடியிலும் போகாது.

12 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரக ப்ளைவுட் போதும். எம்.டி.எஃப். வேண்டாம், ஓரத்தில் ஈரம் பட்டால் ஊதும், ஊதியது திரும்பச் சுருங்காது. கடையிலேயே, அளவை ஒருமுறை வைத்து மூன்றையும் தொடர்ச்சியாக வெட்டித்தரச் சொல்லுங்கள். தனித்தனியாக அளந்து வெட்டினால் இரண்டு மில்லிமீட்டராவது வித்தியாசம் வரும், சேர்த்து வைக்கும்போது மூலை ஒட்டாது.

கீழே 2-க்கு 1 அங்குல மர ரீப்பரைச் செங்குத்தாக நிறுத்திச் சட்டம், நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. பலகைக்கு 15 அடி ரீப்பர் ஆகும். ஃபெவிகால் தடவி, மேலிருந்து 35 மி.மீ. ஸ்க்ரூவை எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக இறக்கி, தலையைப் புதைத்துப் பட்டி பார்க்க வேண்டும். 3 மி.மீ. முன்துளை போடாமல் முடுக்கினால் ரீப்பர் பிளந்துவிடும். சட்டத்தோடு ஒரு பலகை ஏறக்குறைய 10 கிலோ வரும். சட்டமில்லாத 18 மி.மீ. பலகையும் கிட்டத்தட்ட அதே எடைதான்; ஆனால் அது நாளடைவில் நடுவில் தொய்யும், இது தொய்யாது.

பெரும்பாலான வீட்டு மேசைகள் தோற்பது பலகைகள் சேருமிடத்தில்தான். ஒரு பலகை இன்னொன்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் உயர்ந்தாலே மேலே போடும் விரிப்பில் கோடு தெரியும், அதன் மேல் நிற்கும் உயரமான மினியேச்சர் ஆடும். வெறும் போல்ட் இதைச் சரிசெய்யாது: எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை போடுவோம், அந்த இடைவெளியில் பலகை மேலும் கீழும் நழுவும். மட்டத்தைப் பிடிக்க 10 மி.மீ. மர முளை இரண்டு, இழுத்துப் பிடிக்க 75 மி.மீ. நீள எம்8 போல்ட் இரண்டு, விங் நட்டோடு. முளையை ஒரு சட்டத்தில் மட்டும் ஒட்டுங்கள். துளையின் இடத்தைப் பலகையின் மேல்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். ரீப்பரின் அடிவிளிம்பிலிருந்து அளந்தால் கதை முடிந்தது. எந்த இரண்டு ரீப்பரும் ஒரே அகலத்தில் வருவதில்லை. வெட்டியதில் மிஞ்சும் பட்டையில் ஒரு வார்ப்புரு செய்து எல்லாச் சட்டத்தையும் அதை வைத்தே துளையிட்டால், எந்தப் பலகையும் எந்த வரிசையிலும் சேரும்.

பலகை வளைவதற்குக் காரணம் அநேகமாகப் பெயின்ட்தான். நீர் கலந்த பெயின்டையோ பசையையோ மேலே மட்டும் பூசினால் மேல் அடுக்கு ஊறி விரிந்து, காயும்போது சுருங்கி ஓரங்களை மேலே இழுக்கும். அதனால் முதலில் ஆயில் பிரைமர், இரண்டு பக்கமும், வெட்டிய ஓரங்களிலும், ஒரே எண்ணிக்கையில். கடலோர ஊர்களில் இதைத் தவிர்க்கவே முடியாது.

மேல்பரப்பில் மணலும் பசையும் ஒட்டி நிலம்போல் செய்வது கண்ணுக்கு அழகு, கைக்குத் தொல்லை. பகடை சாய்ந்து நிற்கும். மணல் உப்புத்தாளாக வேலை செய்து மினியேச்சர் நிற்கும் பேஸின் (அடித்தட்டின்) ஓரத்துப் பெயின்டைத் தேய்க்கும், எவ்வளவு பூச்சு போட்டாலும் துகள் உதிரும். 2 அல்லது 3 மி.மீ. நியோப்ரீன் (ரப்பர் நுரை) மேட் எல்லா வகையிலும் மேல். பகடைச் சத்தத்தை அது குறைப்பது வீட்டில் தூங்குகிறவர்களுக்கும் நல்லது! மடிக்காதீர்கள், மடிப்புத் தழும்பு போகாது. அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி வைத்தால், விரிக்கும்போது ஓரம் கீழ்நோக்கிப் படியும்.

மேட் மேல் வைக்கும் மலை, சுவர்களைத் தெர்மோகோலில் செய்கிறவர்கள் ஸ்ப்ரே பெயின்டை நேரடியாக அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். முதலில் தூரிகையால் அக்ரிலிக் பூச்சு.

நின்று ஆட 36 அங்குல உயரம் வசதி. தனிக் கால் இல்லாமல் ஐந்தடிக்கு மூன்றடி சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பலகையைச் சேர்த்து வைத்தால் இரு பக்கமும் 4 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டால் அசையாது. மூன்றாவது பலகை பக்கத்தில் இருக்கட்டும். விதிப்புத்தகம், பகடை, செத்த மினியேச்சர்கள் எல்லாம் ஆட்டக்களத்துக்கு வெளியே போனால் ஆட்டம் வேகமாக நடக்கும். 2021-இல் வந்த, சிறு குழுக்களை வைத்து ஆடும் கில் டீம் ஆட்டத்துக்கு 30-க்கு 22 போதும், அதாவது ஒரு பலகையின் சரிபாதி. நடுவில் டேப் ஒட்டினால் வேலை முடிந்தது.

எடுத்து வைக்கும்போது சுவரில் சாய்க்காமல் படுக்கவைத்து அடுக்குங்கள். மூன்றும் சேர்ந்து எட்டு அங்குல உயரத்துக்குள் அடங்கும். மழைக்காலத்தில் முளை ஊதித் துளையில் இறுகினால் சுத்தியலால் தட்டக் கூடாது, சட்டம் கழன்றுவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெழுகுவத்தியை ஒருமுறை இழுத்தால் அடுத்த மழைக்காலம் வரை தாங்கும்.