மாடிக்கு ஒன்றரை டன், கீழே ஒரு டன்: ஈரோட்டு வெயிலில் இரண்டு ஏ.சி.க்களைப் பயன்படுத்திய அனுபவம்

2019-ஆம் ஆண்டு கோடை தொடங்குவதற்கு முன் ஈரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு இரண்டு ஸ்பிளிட் ஏ.சி.க்கள் வாங்கினோம். இரண்டும் தேவைக்கேற்பக் கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை, இரண்டும் அன்றைய கணக்கில் ஐந்து ஸ்டார் பெற்றவை. கீழே அப்பாவும் அம்மாவும் படுக்கும் அறைக்கு ஒரு டன், மாடியில் எங்கள் அறைக்கு ஒன்றரை டன். அறைகளோ ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் கட்டப்பட்டவை. ஒரே அளவு அறைகளுக்கு ஏன் வெவ்வேறு டன் என்று விற்பனையாளருக்கே புரியவில்லை. “நூத்தி நாப்பது சதுர அடிக்கு ஒரு டன்னே சாஸ்திங்க, மேலயும் அதையே போட்டுக்கலாமுங்க” என்றார். சதுர அடிக்கு இத்தனை டன் என்னும் கடைக் கணக்கு தரைப் பரப்பை மட்டும் பார்க்கிறது. வெப்பமோ தரை வழியாக அறைக்குள் வருவதில்லை. இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் எனக்கு உறுதியாகியிருப்பது இந்த ஒன்றுதான்.

டன் என்பது ஏ.சி.யின் எடை அல்ல என்பது பலருக்கும் தெரியும். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி, ஒரு முழு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளுமோ, அந்த வேகத்தில் அறையின் வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஒரு டன். அது மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு); வாட் கணக்கில் சுமார் 3,517. ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் இருக்க வேண்டும். ஆனால் பெட்டியில் ஒன்றரை டன் என்று அச்சிட்ட பல மாடல்களின் ஸ்டார் லேபிளில் 5,000 வாட்டோ அதற்கும் கீழோதான் குறித்திருக்கும். எனவே டன்னைப் பார்த்து விலை பேசுவதைவிட, லேபிளில் 100 விழுக்காட்டுக் குளிர்திறன் எத்தனை வாட் என்று பார்த்துப் பேசுவதே நல்லது. ஒரே விலையில் இரண்டு மாடல்கள் இருந்தால் எதில் வாட் கூடுதல் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த எண்ணும் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற சோதனை நிலையில் அளந்தது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் 35 டிகிரி என்பது காலை பதினொரு மணிக்கே கடந்துபோகும் எண். ஈரோடும் கரூர் பரமத்தியும் நாற்பதைத் தாண்டும் நாட்களில் கம்ப்ரஸர் அதிக மின்சாரம் இழுத்துக் குறைவாகக் குளிர்விக்கும். இது எந்தக் கம்பெனியின் குறையும் அல்ல, அந்த இயந்திரத்தின் இயல்பே அதுதான்.

இனி அறைக்குள் வரும் வெப்பத்துக்கு வருகிறேன். மாடி அறையின் கூரை பதின்மூன்று சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். காப்பு எதுவும் போடாத கான்கிரீட் தளம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 வாட் வெப்பத்தைக் கடத்தும். கத்திரி வெயிலில் தளத்தின் மேற்பரப்பு 55 டிகிரியைத் தாண்டும் வேளையில் உள்ளே 26 டிகிரி வேண்டுமென்றால், கூரை வழியாக மட்டுமே 1,200 வாட்டை ஒட்டிய வெப்பம் இறங்குகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் கட்டிய மேற்குச் சுவர் நானூறு வாட்டைப் போல் சேர்க்கும். திரை இல்லாத மேற்கு ஜன்னலில் நேர் வெயில் விழுந்தால் இன்னும் ஐந்நூறு, அறுநூறு. உறங்கும் ஆள் ஒருவருக்கு 70 முதல் 80 வாட், பழைய சீலிங் ஃபேனுக்கு 75 வாட், கதவிடுக்கில் நுழையும் அனல் காற்றுக்கு இருநூறு வாட் என்று கூட்டினால் 2,500 வாட்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. இவை எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை என்பது உண்மை. ஆனாலும் பகலெல்லாம் சூடேறிய சுவர், பீரோ, மெத்தை ஆகியவற்றின் வெப்பத்தையும் இறக்கிய பிறகுதான் அறை குளிரும். பெயருக்கு ஒரு டன்னாக இருந்து, நாற்பது டிகிரி வெயிலில் மூவாயிரம் வாட்டைச் சுற்றி நிற்கும் ஓர் ஏ.சி., இந்தச் சுமையைத் தாங்குவதோடு நின்றுவிடும். அறையை விரைந்து குளிர்விக்க அதனிடம் மிச்சம் இராது. கீழ் அறைக்கோ மேலே கூரைக்குப் பதிலாக எங்கள் அறையே இருக்கிறது, மேற்கு ஜன்னலைப் பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கிறது. அதன் சுமை இதில் பாதிகூட இல்லை.

கான்கிரீட் தளத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வாங்கிய வெப்பத்தை அது உடனே உள்ளே விடாது, நான்கைந்து மணி நேரம் வைத்திருந்து பிறகே இறக்கும். முதல் கோடையில் ஓர் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே காற்று இதமாக வீசிக்கொண்டிருந்தது, கூரையிலோ உள்ளங்கையை வசதியாக வைத்திருக்க முடியவில்லை. நாம் படுக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் மாடி அறைக்கு வெக்கை உச்சத்துக்கு வருகிறது. சாயங்காலத்துக்கு மேல் வெயில் இல்லையே, சின்ன ஏ.சி. போதாதா என்று கேட்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பெரிதாகப் போட்டால் கவலை இல்லை என்றும் எண்ண வேண்டாம். திருப்பூரில் உறவினர் ஒருவர், கீழ்த்தளத்தில் இதே அளவுள்ள அறைக்கு இரண்டு டன் பழைய வகை ஏ.சி. போட்டிருக்கிறார். ஏ.சி. என்பது காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் நீராக்கி வெளியேற்றும் கருவி. ஈரம் வடிய வேண்டுமென்றால் குளிர்ந்த காயில்மீது, அதாவது உள்ளிருக்கும் குழாய்ச் சுருள்மீது, காற்று நெடுநேரம் ஓட வேண்டும். அவர் வீட்டில் கம்ப்ரஸர் சில நிமிடங்களில் சொன்ன டிகிரியை எட்டி நின்றுவிடுகிறது. ஐப்பசி மழைக்காலத்தில் அந்த அறை குளிர்ந்தும் புழுங்கிக்கொண்டே இருக்கும். அவர் ரிமோட்டில் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார், போர்வையைத் தேடுவார், புழுக்கம் மட்டும் போகாது.

ஈரம் எவ்வளவு குளிர்திறனைத் தின்கிறது என்பதை அறிய, வடிகுழாயின் கீழே ஒரு வாளி வைத்தாலே போதும். காற்றிலுள்ள ஈரம் ஒரு லிட்டர் நீராக மாறும்போது வெளியாகும் வெப்பத்தை அகற்ற, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 680 வாட் வேண்டும். அதாவது மணிக்கு ஒரு லிட்டர் வடிந்தால், ஒரு டன் ஏ.சி.யின் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த நீருக்கே போகிறது. எங்கள் வீட்டில் ஏப்ரல் பிற்பகலில் குழாய் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். மழை பெய்து ஓய்ந்த இரவில் விடிவதற்குள் வாளி நிறைந்துவிடும். கொங்கு நாட்டின் உலர்ந்த வெயில் ஒரு வகையில் நமக்கு அனுகூலம். இதே அறையைச் சென்னையில் கட்டியிருந்தால் ஈரத்துக்கென்று தனியே திறன் ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் கணக்கு மாறுவதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. பொள்ளாச்சியில் தங்கை வீடும் மாடி வீடுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடி மாதங்களில் நேராக வீட்டுக்குள் வருகிறது, மேற்கே தென்னந்தோப்பு நிழல். அங்கே மாடி அறைக்கும் ஒரு டன் போதுமானதாக இருக்கிறது, அதுவும் ஆண்டில் மூன்று மாதங்களுக்குத்தான் அதற்கு வேலை.

2021-இல் எங்கள் மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்தோம். ஏ.சி. வாங்கிய பின் செய்த செலவுகளில் இதுவே மிகவும் பயன்பட்டது. அதற்கு முன் இரவு நெடுநேரம் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடி 1,400 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். டைல்ஸ் போட்ட பிறகு, 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால், அரை மணி நேரத்துக்குள் 500 வாட்டை ஒட்டி இறங்கி நிற்கிறது. இன்வெர்ட்டரின் சிறப்பு இப்படிக் குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஓடுவதில்தான் இருக்கிறது. கூரை கொதித்துக்கொண்டிருந்தால் அந்தச் சிறப்புக்கு இடமே இல்லை. டைல்ஸை முதலில் போட்டுவிட்டு ஏ.சி. வாங்கப் போகிறவர்கள் மாடி அறைக்கும் ஒரு டன்னைத் துணிந்து பரிசீலிக்கலாம்.

மின்கட்டணத்தில் லேபிளின் ஆண்டு யூனிட் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்தை, 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளிவெப்பங்களில் பிரித்துப் போட்ட கணக்கு. மாடல்களை ஒப்பிட உதவும், நம் வீட்டு பில்லைச் சொல்லாது. இரண்டு மாத ரீடிங்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான மலிவு விலையும் பறிபோகும் என்பதால், எங்கள் வீட்டில் கோடை முழுவதும் எல்லாருடைய கண்ணும் மீட்டர் மேல்தான். ஸ்டாரையும் ஆண்டோடு சேர்த்தே படிக்க வேண்டும். செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்விக்கிறது என்று காட்டும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண், நாங்கள் வாங்கியபோது 4.50 இருந்தாலே ஐந்து ஸ்டார். 2022 ஜூலையில் அந்த வரம்பு 5.00 ஆக உயர்ந்தது. அந்தக் கணக்கில் எங்கள் ஏ.சி. நான்கு ஸ்டார் ஆகிவிட்டது.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவின் கடைசியில் விசைத்தறிக் கூடம் இருக்கிறது. அங்கிருந்து பறந்துவரும் பஞ்சு, அவுட்டோர் யூனிட்டின் பின்புறக் காயிலில் மெல்லிய சாம்பல் நிறக் கம்பளமாகப் படிகிறது. விரலால் உரித்தால் ஒரே பட்டையாக வரும். இந்தக் கம்பளம் வெப்பத்தை வெளியே விடாமல் தடுப்பதால், ஒன்றரை டன் ஏ.சி. ஒரு டன் வேலைகூடச் செய்யாது. கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிச் செல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். மூடிய செப்புக் குழாயில் கேஸ் தானாகத் தீராது, கசிந்தால்தான் குறையும். ஆகவே முதலில் காயிலைக் கழுவச் சொல்ல வேண்டும். நாங்கள் இன்டோர் ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாய் நீரில் அலசுகிறோம், அவுட்டோர் காயிலைக் கோடைக்கு முன்பும் ஆடிக் காற்று ஓய்ந்த பின்பும் கழுவுகிறோம்.

இத்தனை ஆண்டுகளில் பெரிய செலவு வைத்தது அவுட்டோர் யூனிட்டை இயக்கும் மின்னணுப் பலகையான பி.சி.பி. போர்டு. உள்ளே பல்லி புகுந்து இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடந்தது. வாரண்டியில் பல்லிக்கு இடமில்லை என்று சர்வீஸ் தரப்பில் கைவிரித்துவிட்டார்கள், முழு விலை கொடுத்து மாற்றினோம். இப்போது போர்டு மூடியைச் சுற்றியுள்ள இடைவெளிகளுக்கு மெல்லிய கம்பி வலை அடித்திருக்கிறோம். காயிலுக்குக் காற்று போகும் வழியை அது மறைப்பதில்லை.

அடுத்ததாக மகனின் படிப்பறைக்கு ஒன்று வாங்கவிருக்கிறோம். அதுவும் மாடிதான், பத்துக்குப் பன்னிரண்டு. ஆனால் கிழக்கு பார்த்தது, மேலே வெள்ளை டைல்ஸ் இருக்கிறது, மேற்கில் எங்கள் அறையே வெயிலைத் தாங்கிக்கொள்கிறது. காலை வெயிலுக்கு ஜன்னலின் வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டிவிட்டு, லேபிளில் 3,400 வாட்டுக்குக் குறையாத ஒரு டன் இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.