ஒடியல் கூழா, புட்டும் கறியுமா?

லீவுக்கு வீடு நிறையச் சனம், பழைய கூட்டாளிமாரும் ஒரே நேரத்தில் வருகினம் எண்டால் கூழ்தான் தோது. ஒடியல் எண்டால் காயவைச்ச பனங்கிழங்கு; பத்துப் பன்னிரண்டு பேருக்கு அரைக் கிலோ ஒடியல் மா காணும். மாவை ஊறவிட்டு, மேலே தெளியிற தண்ணியை இரண்டு மூன்று தரம் ஊத்தாட்டில் காறும். மீன்தலை, நண்டு, பயித்தங்காய், பலாக்கொட்டை, ஒரு பிடி அரிசி அவிஞ்ச பிறகே மாக்கரைசல். கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும். பழப்புளி கடைசியில்தான், முந்தினால் பலாக்கொட்டை அவியாது.

ஆறின கூழ் இறுகிப்போம். ஆள் ஆளாய் வாற வீட்டுக்குப் புட்டே நல்லது: கறியை முதலே வைச்சிட்டு, வர வர நீத்துப்பெட்டியில், அதுதான் புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியில், அவிக்கலாம். சைவக்காரருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. என்ன, அவிக்கிற ஆளுக்குக் கதைக்க நேரமிராது.